பச்சைச் சீட்டும் தீர்மானப் பதிவேடும்

ஊராட்சித் தேர்தல், பள்ளி மேலாண்மைக் குழு பற்றிய கேள்விகளுக்கு, ஓய்வு பெற்ற அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் பதிலளிக்கிறார்.

என்னைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் சேர்த்திருக்கிறார்கள் ஐயா. காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுவதுதான் வேலையா?

இல்லை அம்மா. 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர். பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வந்த மானியம் எப்படிச் செலவானது என்று பார்ப்பதும் உங்கள் வேலை.

"பிறகு எழுதிக்கொள்கிறோம்" என்று வெற்றுப் பக்கத்தை நீட்டினால் கையெழுத்திடாதீர்கள். தீர்மானத்தை உரக்கப் படிக்கச் சொல்லுங்கள். "கழிப்பறையைச் சீரமைக்க வேண்டும்" என்ற ஒற்றை வரியால் ஒன்றும் நடக்காது. "மாணவியர் கழிப்பறையில் இரண்டு கதவுகளுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை" என்று எழுதவையுங்கள். அதைப் படிக்கும் அதிகாரி பதில் சொல்லியாக வேண்டும்.

தனியார் பள்ளியிலும் இக்குழு உண்டா?

அரசு உதவி பெறாத பள்ளிகளுக்கு இந்தப் பிரிவு பொருந்தாது.

எங்கள் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியின் கூரை ஒழுகுகிறது. தலைவரைக் கேட்டால் ஒன்றியத்தைக் கைகாட்டுகிறார்.

கட்டடப் பராமரிப்பு ஒன்றியத்தின் பொறுப்பு என்பதால், அவர் சொல்வது சரிதான். குழுவில் தீர்மானம் போட்டு, வட்டார வளர்ச்சி அலுவலருக்கும் வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்து, ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த கிராம சபையிலும் அதையே தீர்மானமாக்குங்கள்.

இதில் எனக்குத் தீராத ஆதங்கம் ஒன்று உண்டு. கிராமத்து வாக்காளருக்கு நான்கு வாக்குகள். வார்டு உறுப்பினருக்கு வெள்ளை, தலைவருக்கு இளஞ்சிவப்பு, ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை, மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள் சீட்டு. தலைவர் யார் என்று ஊரே இரவெல்லாம் பேசும். பச்சைச் சீட்டில் நிற்பவரின் பெயர்கூடப் பலருக்குத் தெரியாது. உங்கள் பள்ளிக் கூரை அந்தப் பச்சைச் சீட்டில் இருக்கிறது. வாக்குக் கேட்டு வருபவரைப் பள்ளிக்குள் அழைத்துச் சென்று, ஒழுகும் இடத்தைக் காட்டுங்கள்.

திண்டுக்கல்லுக்கும் தென்காசிக்கும் ஊராட்சிப் பதவிக்காலம் ஏன் வேறுபடுகிறது?

27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் நடந்தது. திண்டுக்கல் அதில் ஒன்று. அங்கே 2025 ஜனவரி 5-உடன் பதவிக்காலம் முடிந்து, தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குப் பதிலாக அரசு நியமித்த தனி அலுவலர்கள் வந்தார்கள். தென்காசி உட்பட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் தேர்தல். காலம் முடியுமுன் தேர்தலை நடத்திவிட வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 243-இ பிரிவு. 2016 முதல் 2019 வரையிலும் நம் ஊராட்சிகள் தலைவர் இல்லாமல்தான் கிடந்தன. இதை வழக்கமாக்கிக்கொள்வது மக்களுக்குச் செய்யும் அநீதி.

தலைவர் பதவியை ஏலம் விட்டு, பணத்தைக் கோயில் திருப்பணிக்குத் தருகிறார்கள். நல்ல காரியம்தானே?

இல்லவே இல்லை. ஏலத்தில் போட்ட பணத்தை அவர் எங்கிருந்து எடுப்பார்? தெருவிளக்கிலும் குடிநீர்க் குழாயிலும்தான். பணமில்லாதவரின் வேட்புமனு உரிமையும் அங்கேயே பறிபோகிறது. இது சட்டவிரோதம். மாவட்டத் தேர்தல் அலுவலரான ஆட்சியருக்கும் மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கும் எழுத்தில் புகார் கொடுங்கள். தனியாகக் கொடுக்கத் தயக்கமாக இருந்தால் பத்துப் பேர் சேர்ந்து கொடுங்கள்.

என் மகள் கல்லூரி முடித்திருக்கிறாள். தேர்தலில் நிற்கலாமா?

21 வயது நிறைந்து, அந்த ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் தாராளமாக நிற்கலாம். நம் மாநிலத்தில் பாதி இடங்கள் பெண்களுக்கே. வென்ற பிறகு கூட்டத்துக்கு அவளே போகட்டும். அவளுக்குப் பதிலாக நீங்கள் போய் உட்காராதீர்கள்.