முதுகுப்பைக்கு எத்தனை கொக்கி வேண்டும்?

தம்பி, வந்த சில மாதங்களிலேயே அலுவலக நண்பர்களோடு மலைநடைக்குக் கிளம்புகிறீர்கள், மிகவும் சந்தோஷம். கூட வருகிறவர்களின் பைகளில் கொக்கி கொக்கியாகத் தொங்குகிறதே, அதெல்லாம் நானும் வாங்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். நான்கைந்து போதும். ஆனால் எதில் எதை மாட்டலாம் என்று தெரிந்துகொண்டு வாங்குங்கள்.

முதலில் ஆபத்தான விஷயம். காரபினர் என்பது உள்பக்கமாக அழுத்தினால் திறந்து, விட்டால் தானாக மூடும் நாக்குள்ள வளையக் கொக்கி. சாவிக்கொத்துக்கு வரும் சின்னக் காரபினரும் பாறை ஏறுகிறவர்கள் வைத்திருக்கும் காரபினரும் பார்வைக்கு அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். ஏறுவதற்கானதில் அதன் உடம்பிலேயே எவ்வளவு இழுவை தாங்கும் என்ற கிலோநியூட்டன் எண் பொறித்திருக்கும். நீளவாக்கில் பொதுவாக 20 அல்லது அதற்கு மேல். 20 என்றால் ஏறக்குறைய இரண்டு டன் இழுவை. அதுவே நாக்கு திறந்த நிலையில் இழுபட்டால் 7, 8 என்று இறங்கிவிடும். சின்னதில் அந்த எண்ணே இருக்காது, அல்லது 'ஏறுவதற்கு அல்ல' என்று எழுதியிருக்கும். அதன் நாக்கு நுனியில் ஒழுங்காகக் கவ்வாது. பாரம் முழுவதும் நாக்குக்கு எதிர்ப்பக்கக் கம்பியில் விழுந்து, கொக்கி விரிந்து போகும். அதனால் ஆள் படுக்கும் தொங்கு ஊஞ்சலையோ குழந்தையையோ நாயின் கயிற்றையோ அதில் மாட்டவே கூடாது. எடை குறைவாக வேண்டுமே என்று கவலைப்படவும் வேண்டாம்: முழு வலிமையுள்ள காரபினரே இருபது கிராம் சொச்சத்தில் கிடைக்கிறது.

மற்ற வேலைகளுக்கு அலுமினியம் நல்லது. எஃகு அதைப் போல மூன்று மடங்கு கனம். பிளாஸ்டிக் இரண்டையும் விட லேசு, ஆனால் கடுங்குளிரில் சில வகைகள் நொறுங்கும். தொப்பி, கையுறை போன்றவற்றுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீளம் ஐந்தாறு சென்டிமீட்டராவது இருக்கட்டும். அதைவிடச் சின்னதைக் கையுறை போட்ட விரலால் திறக்க முடியாது, குளிரில் கையுறையைக் கழற்றவும் மனம் வராது. வாங்கும்முன் உங்கள் பையின் வார் அதன் வாய்க்குள் நுழைகிறதா என்று பாருங்கள். மடித்துத் தைத்த வார் தடிமனாக இருக்கும். பலர் ஏமாறுவது இங்கேதான்.

இரண்டு நாக்குள்ள எஸ் வடிவக் கொக்கி மிகவும் உதவும். ஒரு பக்கம் பையிலேயே நிரந்தரமாக இருக்க, மறுபக்கத்தை மட்டும் திறந்து மூடலாம்; கொக்கி தொலையாது. ஒன்றைப் பைக்குள் இருக்கும் சின்ன வளையத்தில் போட்டு வீட்டுச் சாவியை அதில் மாட்டிவிடுங்கள். எல்லாவற்றிலும் பிரயோசனமான கொக்கி அதுதான்.

வெளியே ஈரக் காலுறை, தொப்பி, காலிக் குவளை தொங்கலாம். நிறைந்த தண்ணீர்ப் போத்தல் வேண்டாம். ஒவ்வொரு அடிக்கும் ஆடி இடிக்கும், பாரத்தை முதுகிலிருந்து பின்னுக்கு இழுக்கும், இரண்டு மணி நேரத்தில் தோள் சொல்லிவிடும். தொங்குவது எதுவானாலும் மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இடத்தில் பிடித்தால் ஆடாது. நாக்கு பைப் பக்கம் திரும்பியிருக்கட்டும். வெளிப்பக்கம் இருந்தால் புதரில் உரசி, கிளை நாக்கை அழுத்தித் திறந்து, மாட்டியதை உருவிவிடும்.

மணல் புகுந்தால் நாக்கு பாதியிலேயே நின்றுவிடும். வெதுவெதுப்பான நீரில் அலசி, நாக்கைப் பலமுறை அசைத்து, நன்றாகக் காயவையுங்கள். எண்ணெய் விட்டால் அடுத்த மணலையும் பிடித்து வைத்துக்கொள்ளும், உலர் மசகு போதும். கடலோரம் போய் வந்தால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். அலுமினியமும் எஃகும் சேரும் ஆணியில் உப்பு அரிக்கும். அசைத்த நாக்கு தானாக மூடாவிட்டால் அதை எறிந்துவிடுங்கள்.

பேருந்து, ரயிலில் ஏறும்போது தொங்குவதை உள்ளே போட்டுவிடுங்கள், கதவிலும் அடுத்தவர் கம்பளிச் சட்டையிலும் மாட்டும். விமானத்தில் பையைச் சரக்காகக் கொடுப்பதானால் வெளிக்கொக்கி எல்லாவற்றையும் கழற்றி உள்ளே வைத்து, தொங்கும் வார்களையும் சுருட்டிக் கட்டிவிடுங்கள். அங்கே பைகளை நகர்த்தும் ஓடுபட்டையில் சிக்கினால் கிழிவது கொக்கி மாட்டிய வளையத்தின் தையல்தான்.