உதிராத செல்கள் – கடிதம்

வணக்கம். என் அத்தைக்கு சி.எல்.எல். வகை ரத்தப் புற்றுநோய். செல்கள் தற்கொலை செய்துகொள்ள மறுப்பதால் வரும் நோய் இது என்று படித்தேன். இதைக் கண்டுபிடித்த விஞ்ஞானி யார்? விரதம் இருந்தால் அந்தத் தற்கொலையைத் தூண்டலாம் என்கிறார்களே, உண்மையா? இதையெல்லாம் சொன்னதிலிருந்து அத்தை என்னோடு சரியாகப் பேசுவதில்லை.
ச.

அன்புள்ள ச.,

விரதத்தை விடுங்கள். அதை நம்பி யாரும் சிகிச்சையைத் தள்ளிப்போடக் கூடாது.

உங்கள் கடைசி வரிதான் என்னை எழுத வைத்தது. நோயோடு இருப்பவரிடம் போய் ‘தற்கொலை’ என்று சொல்லலாமா? படித்த பிள்ளைக்கு இது தெரிய வேண்டாமா? இதே நோய் வந்த என் நண்பர், ஒரு கட்டுரையில் அந்தச் சொல்லைப் பார்த்துவிட்டு, “என் செல்கள் சாக மாட்டோம் என்கின்றன, அதற்காக நான் சாக வேண்டுமா?” என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அன்றிலிருந்து இந்தச் சொல் என்னை உறுத்துகிறது.

1972இல் கெர், வைலி, கரி என்ற மூன்று விஞ்ஞானிகள், தேவை முடிந்த செல் தானாகவே மடியும் இந்த மரணத்துக்குப் பெயர் தேடினார்கள். அபர்டீன் பல்கலைக்கழகத்தின் கிரேக்கப் பேராசிரியர் ஜேம்ஸ் கார்மாக் எடுத்துக்கொடுத்த சொல்தான் அப்போப்டோசிஸ். இலையும் இதழும் உதிர்வது என்று பொருள். அவர்கள் உதிர்தல் என்றதை நாம் தற்கொலை ஆக்கிவிட்டோம். அரும்பு, மொட்டு, முகை என்று பூவின் ஒவ்வொரு பருவத்துக்கும் பெயர் வைத்த மொழி இது. உதிர்ந்த பூவுக்கு ‘வீ’ என்று பெயர். ‘வீதல்’ என்றால் இறத்தல். இப்படி ஒரு சொல் நம்மிடம் இருக்கும்போது தற்கொலை எதற்கு? செல்லுக்கு மனமும் இல்லை, விரக்தியும் இல்லை. கருவில் விரல்களுக்கு நடுவே இருந்த செல்கள் உதிர்ந்ததால்தான் உங்கள் விரல்கள் தனித்தனியாகப் பிரிந்தன. அதைத் தற்கொலை என்பீர்களா?

சரி, விஞ்ஞானி. ஒருவர் என்று சொல்ல முடியாது. ஆனால் எனக்குப் பிடித்தவர் டேவிட் வாக்ஸ். பிசிஎல்-2 என்ற மரபணு 1984இலேயே லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய் ஆய்வில் கண்டறியப்பட்டிருந்தது. புற்றுநோய் மரபணு என்றால் செல்லை வேகமாகப் பெருக வைக்கும் என்றுதான் அப்போது நினைத்தார்கள். மெல்போர்னின் வால்டர் அண்ட் எலைசா ஹால் ஆய்வகத்தில் மாணவராக இருந்த வாக்ஸ், அந்த மரபணுவை எலியின் ரத்தச் செல்களில் செலுத்தி, அவை உயிர்வாழத் தேவையான வளர்ச்சிப் பொருளை நிறுத்திப் பார்த்தார். செல்கள் பெருகவில்லை. ஆனால் சாகவும் இல்லை, அப்படியே இருந்தன. 1988இல் வெளியான முடிவு இது. பெருகுவது மட்டுமல்ல, உதிராமல் தங்கிவிடுவதும் புற்றுநோய்க்கு வழி என்பது அப்போதுதான் புரிந்தது.

அந்த மரபணு உண்டாக்கும் பிசிஎல்-2 புரதம்தான் செல்லை உதிரவிடாமல் பிடித்துவைக்கிறது. அந்தப் பிடியை விடுவிக்கும் மாத்திரைதான் வெனிடோக்ளாக்ஸ். 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது, அதுவும் சி.எல்.எல்.லுக்கு. முதல் வாரம் நாளுக்கு 20 மில்லிகிராம். வாராவாரம் கூட்டி, ஐந்தாவது வாரம் 400. புற்றுநோய்ச் செல்கள் எல்லாம் ஒரேயடியாக உதிர்ந்தால் சிறுநீரகம் தாங்காது, அதனால்தான் இந்த நிதானம். என் நண்பர் அந்த ஐந்து வாரமும் குடம் குடமாகத் தண்ணீர் குடித்தார்.

அத்தைக்கு எந்த மருந்து, எப்போது என்பதை மருத்துவர் சொல்லட்டும். இந்த நோயில் பலருக்குத் தொடக்கத்தில் மருந்தே தர மாட்டார்கள், கவனித்து மட்டும் வருவார்கள். நீங்கள் இன்றைக்கே அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். அன்று சொன்னது தப்பு என்று சொல்லுங்கள். அப்புறம், உதிர வேண்டிய சில செல்கள் உதிராமல் நிற்கின்றன, அவ்வளவுதான் அத்தை என்று சொல்லுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.