ரெசிடுவல் நார்மலாக இல்லை, பி-மதிப்பை நம்பலாமா?

640 வீடுகளின் மருத்துவச் செலவுக்கு வருமானத்தையும் வயதையும் வைத்து ரிக்ரெஷன் (செலவைக் கணிக்கும் சமன்பாடு) போட்டிருக்கிறீர்கள். நிஜச் செலவுக்கும் அது கணிக்கும் செலவுக்கும் உள்ள வித்தியாசம்தான் ரெசிடுவல். ரெசிடுவல் நார்மலா, அதாவது மணி வடிவில் பரவியிருக்கிறதா என்று பார்க்கும் ஷாபிரோ-வில்க் சோதனையில் பி-மதிப்பு (நார்மலாகவே இருந்தால் இவ்வளவு விலகல் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.001-க்குக் கீழே வந்ததும் எல்லாம் வீண் என்று பயந்துவிட்டீர்கள். பயம் வேண்டாம். ரெசிடுவல் நார்மலாக இருக்கவேண்டும் என்பது, சின்ன மாதிரியிலும் குணகங்களுக்கு (வருமானமோ வயதோ ஓர் அலகு கூடினால் செலவு எவ்வளவு மாறும் என்கிற எண்களுக்கு) பி-மதிப்பு தரும் டி-சோதனை துல்லியமாக இருக்கத்தான். 640 என்றால் பெரும்பாலும் மைய எல்லைத் தேற்றமே கைகொடுக்கும்: மாதிரி பெரிதானால் குணகத்தின் மதிப்பீடு தானே நார்மலை நெருங்கும். மாதிரி பெருகப் பெருக ஷாபிரோ சின்னக் கோணலையும் பிடித்துவிடும்.

எனக்குக் கவலை வேறு. நீங்கள் போட்ட ரெசிடுவல் படத்தில் இடப்பக்கம் புள்ளிகள் ஒட்டி நிற்கின்றன, வலப்பக்கம் விசிறிபோல் விரிகின்றன. சிதறல் சமமாக இல்லை. மாதிரி எவ்வளவு பெரிதானாலும் இது தானாகச் சரியாகாது. ஸ்டாண்டர்ட் எரரே (குணகத்தின் மதிப்பீடு எவ்வளவு ஆடக்கூடும் என்கிற அளவு) தப்பாக வரும், அதோடு பி-மதிப்பும். பொருளியலாளர் ஹால்பர்ட் வைட் 1980-இல் எழுதிய வழியில், சமமில்லாத சிதறலையும் தாங்கும் ரோபஸ்ட் ஸ்டாண்டர்ட் எரர் போடுங்கள். ஆர் மென்பொருளில் இதற்கு சாண்ட்விச் பேக்கேஜ் இருக்கிறது, அதில் HC3 என்ற வகை போதும். மூன்று லட்சம் செலவழித்த அந்த ஒரு வீட்டை எடுத்துவிட்டும் ஒருமுறை ஓட்டிப் பாருங்கள், குணகம் எவ்வளவு அசைகிறதென்று தெரியும்.

செலவுக்கு லாக் (மடக்கை) எடுக்கச் சொல்வார்கள். எடுத்தால் கேள்வியே மாறிவிடும்: ரூபாய்க் கணக்கு சதவீதக் கணக்காகும். செலவே இல்லாத வீடுகளுக்கு லாக்கும் கிடையாது.

ஒரு தனி வீட்டின் செலவு இத்தனையிலிருந்து இத்தனைக்குள் இருக்கும் என்று கணிக்கப் போகிறீர்களா? அங்கேதான் நார்மல் இல்லாதது நிஜமாகவே இடிக்கும், 640 வீடுகள் இருந்தாலும்.