போட்டோக்களின் அளவைக் குறைத்தால் இணையதளம் வேகமாகுமா? கூகுள் தேடலில் முன்னால் வருமா?

வேகம் கண்டிப்பாகக் கூடும். தேடலில் கொஞ்சம் உதவும், ஆனால் பலரும் எதிர்பார்க்கிற அளவுக்கு இல்லை. என் சித்தியின் சுங்குடிச் சேலை வியாபாரத்துக்குத் தளம் செய்துகொடுத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் நான் செய்த தப்பு. போனில் எடுத்த போட்டோக்களை அப்படியே ஏற்றிவிட்டு, பக்கத்தை எழுதும் எச்டிஎம்எல் குறியீட்டில் மட்டும் அகலம் 400 பிக்சல் (படத்தின் புள்ளி) என்று கொடுத்தேன். திரையில் படம் சின்னதாகத்தான் தெரிந்தது. ஆனால் சித்தி தன் போனில் திறந்தால் ஒவ்வொரு சேலையும் மேலிருந்து கீழே துண்டு துண்டாக இறங்கியது. நாம் எவ்வளவு சின்னதாகக் காட்டச் சொன்னாலும், பிரவுசர் முழுக் கோப்பையும் இறக்கித்தான் ஆக வேண்டும். 4000க்கு 3000 படம் என்றால் 1.2 கோடி பிக்சல். கூர்மையான போன் திரைகளுக்காக 400ஐ மூன்று மடங்காக்கினாலும் 1200 அகலம் போதும். 1200க்கு 900 என்றால் 10.8 லட்சம் பிக்சல்தான், பதினொன்றில் ஒரு பங்கு. அதனால் முதலில் அகலத்தைக் குறையுங்கள். தரத்தில் அப்புறம் கை வைக்கலாம்.

அங்கேதான் நிதானம் வேண்டும். சுங்குடியின் உயிரே, துணியை நூலால் முடிந்து சாயத்தில் முக்கியெடுத்தால் கிடைக்கும் அந்தச் சின்னப் புள்ளிகள். கோப்பு இன்னும் சிறியதாகட்டும் என்று, ஜேபெக் (JPEG) என்ற படக் கோப்பு வகையில் சேமிக்கும்போது தரத்தை 50க்கு இறக்கினேன். அரக்குச் சேலையில் வெள்ளைப் புள்ளிகளின் ஓரத்தில் சிவப்பு கசிந்து, கைவேலை அச்சுத் துணி மாதிரி ஆகிவிட்டது. சித்தி ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது நம்ம சேலையே இல்லப்பா" என்றார். ஜேபெக் வெளிச்சத்தை முழு நுணுக்கத்தோடு வைத்துக்கொண்டு, நிறத்தைப் பெரும்பாலும் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் சேமிக்கும். வெப்பி (WebP) என்று இன்னொரு படக் கோப்பு வகை உண்டு; தரம் குறைத்துச் சுருக்கும் வெப்பி எப்போதுமே அப்படித்தான். அடர்த்தியான சிவப்பில் அது பளிச்சென்று தெரியும்.

இப்போது முழுச் சேலைப் படங்களுக்கு வெப்பி. புள்ளிகளை நெருக்கத்தில் காட்டும் படங்களுக்கு, நிறத்தைப் பாதியாக்காமல் சேமித்த ஜேபெக். ஸ்குவூஷ் என்ற இலவசத் தளத்தில் பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக்கொண்டே தரத்தை இறக்கி, புள்ளி கலங்குவதற்கு முன் நிறுத்துகிறேன். எங்களுக்குத் தரம் பெரும்பாலும் 80ஐ ஒட்டி நிற்கிறது. துணியைத் தொட்டுப் பார்க்காமல் காசு கொடுக்கிறவருக்கு அந்தப் படம்தானே எல்லாம்?

சரி, தேடல். 2018 ஜூலையிலிருந்து மொபைல் தேடலில் கூகுள் பக்கத்தின் வேகத்தையும் கணக்கில் எடுக்கிறது. பக்கத்தின் மிகப் பெரிய படமோ பத்தியோ 2.5 நொடிக்குள் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். ஆனால் தேடுகிறவருக்கு வேண்டிய விஷயம் பக்கத்தில் இல்லையென்றால் வேகம் மட்டும் தூக்கிவிடாது. படத் தேடலுக்குக் கோப்பின் பெயரையும், படத்தை வார்த்தையில் சொல்லும் ஆல்ட் டெக்ஸ்ட் என்ற குறிப்பையும் கவனியுங்கள். கேமரா வைத்த எண்ணுக்குப் பதிலாக "மதுரை-சுங்குடி-அரக்கு" என்று பெயர் வையுங்கள். ஆல்ட்டில் பார்வையில்லாத ஒருவருக்குப் படத்தைச் சொல்வதுபோல ஒரு வரி எழுதுங்கள். பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் குறியீட்டில் பின்னணியாக வைத்த படங்களைக் கூகுள் படத் தேடலில் சேர்ப்பதில்லை. அதனால் விற்கும் பொருளின் படத்தை அப்படி வைக்காதீர்கள்.

லேசி லோடிங்கை, அதாவது வாசகர் நெருங்கும்போதுதான் படத்தை இறக்கும் வசதியை, கீழே உள்ள படங்களுக்கு மட்டும் போடுங்கள். பக்கம் திறந்ததும் கண்ணில் படும் முதல் படத்துக்கும் போட்டால் அது தாமதமாகத்தான் வரும். அப்புறம், மூலப் போட்டோக்களைத் தனியாகப் பத்திரப்படுத்துங்கள். சுருக்கிய படத்திலிருந்து அந்தப் புள்ளிகளைத் திரும்ப எடுக்க முடியாது.