முட்டிச் சில்லு தேய்மானம்: ஆபரேஷன் எத்தனை வருஷம் தாங்கும்?

கேள்வி: டாக்டர், எனக்கு 39 வயசு, திருப்பாதிரிப்புலியூர்ல ஜவுளிக்கடை வேலை, நாள் பூரா சேலக்கட்டோட மாடி ஏறி எறங்கணும். எறங்கறப்பதான் முட்டிச் சில்லுக்குப் பின்னாடி சுரீர்னு வலிக்குது, உக்காந்து எழுந்தா நறநறன்னு சத்தம். எம்ஆர்ஐ பாத்துட்டு காண்ட்ரோமலேசியா (சில்லுக்குப் பின்னாடி குருத்தெலும்பு தேயறது) கிரேடு 3, சின்னதா ஓட்ட போட்டு கிளீன் பண்ணிடலாம்ங்கறாங்க. பண்ணிக்கிட்டா 10 வருஷம் கழிச்சும் நல்லா இருக்குமா?
வாசகி, கடலூர்

பதில்: கிளீன் பண்றதுன்னா பிசிறு பிசிறா நிக்கற குருத்தெலும்ப செதுக்கி தண்ணி விட்டு கழுவறதும்மா. குருத்தெலும்புக்கு ரத்தக்குழாயே கெடையாது, செதுக்கின எடத்துல பழையபடி வளராது. 2002ல அமெரிக்காவுல முட்டித் தேய்மானம் இருக்கறவங்கள்ல கொஞ்சப் பேருக்கு தோல மட்டும் கீறி தச்சு அனுப்பிட்டு, மத்தவங்களுக்கு நெஜமாவே செதுக்கி கழுவி 2 வருஷம் பாத்தாங்க, வலியில வித்தியாசமே இல்ல. அது மொத்த முட்டித் தேய்மானத்துக்கு பண்ண ஆராய்ச்சிதான், சில்லுக்கு மட்டும் இல்ல, இருந்தாலும் எனக்கு இந்த கிளீனிங் மேல பெருசா நம்பிக்க கெடையாது. துண்டு ஒடைஞ்சு உள்ள மாட்டி முட்டி லாக் ஆவுதுன்னா அது வேற கதை.

சில்லு ஏன் தேஞ்சுதுன்னு மொதல்ல கேளுங்க. வெளிப்பக்கமா இழுத்துக்கிட்டு ஓடுதுன்னா, முட்டிக்குக் கீழ தசைநார் ஒட்டியிருக்கற எலும்பு மேட்ட வெட்டி உள்பக்கமாவும் முன்பக்கமாவும் நகத்தி ஸ்க்ரூ போடுவாங்க, ஃபுல்கர்சன்ங்கற டாக்டர் 1983ல எழுதின முறை. தேய்மானம் சில்லோட கீழ்ப்பக்கம், வெளிப்பக்கம் இருந்தா இது பல வருஷம் தாங்குது, மேல்பக்கமோ முழுசாவோ தேஞ்சிருந்தா அவ்ளோ பலன் இல்ல. நம்ம குருத்தெலும்பு செல்லயே எடுத்து, வெளிய வளத்து, தேஞ்ச எடத்துல வைக்கறதும் உண்டு. ஸ்வீடன்ல பண்ணி 1994ல வெளியிட்டப்ப தொடை எலும்புல 16 பேர்ல 14 பேருக்கு நல்லாச்சு, சில்லுல 7 பேர்ல 2 பேருக்குத்தான்! அப்புறம் சில்லு ஓடற பாதையையும் சேத்து சரி பண்ண ஆரம்பிச்சப்பதான் ரிசல்ட் தேறிச்சு.

சில்லு மூட்ட மட்டும் செயற்கையா மாத்தலாம், ஆனா பின்னாடி முட்டியோட மத்த பக்கம் தேஞ்சு சில பேருக்கு முழு மூட்டு மாத்தற வரைக்கும் போவுது, உங்க வயசுக்கு அந்த அவசரம் வேணாம்.

ஒரு 3 மாசம் தொடை, இடுப்பு தசைக்கு ஒழுங்கா பிசியோதெரபி பண்ணுங்க. அப்பவும் கொறையலன்னா பாண்டி ஜிப்மர் மாதிரி எடத்துல இன்னொரு ஒப்பீனியன் வாங்குங்க, ரிப்போர்ட் பேப்பர் மட்டும் பத்தாது, எம்ஆர்ஐ சிடியும் எடுத்துட்டுப் போங்க. படியில சில்லு மேல ஒடம்பு வெயிட்டப் போல சுமாரா 3 மடங்கு பாரம் விழுது, சேலக்கட்டையும் தூக்கினா இன்னும் ஏறும், அதனால அந்த வேலைய மட்டுமாவது வேற ஆளுக்கு மாத்தித் தரச்சொல்லி மொதலாளிகிட்ட இப்பவே கேட்டுடுங்க.