மாம்பலம் ஸ்டேஷனில் இறங்கி தி.நகரிலும் மேற்கு மாம்பலத்திலும் வழி தவறாமல் போவது எப்படி?

கேள்வி இது: சென்னைக்குப் புதிதாக வேலைக்கு வந்தவர், மாம்பலத்தில் இறங்கி தி.நகருக்கும் மேற்கு மாம்பலத்துக்கும் அடிக்கடி போகவேண்டும். கைபேசி மேப்பைப் பார்த்து நடந்தாலும் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு வந்துவிடுகிறது. உள்ளூர் ஆட்கள் எப்படிப் போகிறார்கள்?

உள்ளூர் ஆட்கள் முதலில் கேட்பது தெருப் பெயரை அல்ல. "தண்டவாளத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?" என்றுதான் கேட்பார்கள். இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. கடற்கரை - தாம்பரம் ரயில் பாதை இந்த வட்டாரத்தை வடக்கு தெற்காக இரண்டாக வெட்டுகிறது. கிழக்கே தி.நகர், மேற்கே மேற்கு மாம்பலம். பாதையைக் கடக்க ஒருசில இடங்கள்தான் உண்டு. தவறான பக்கம் இறங்கி நடந்துவிட்டால், போகவேண்டிய இடம் நூறு மீட்டரில் இருப்பதாக மேப் காட்டும். நடுவில் தண்டவாளம் இருக்கும்.

எந்தப் பக்கம் என்பதை முகவரியின் பின்கோடே சொல்லிவிடும். 600017 என்றால் தி.நகர், கிழக்கு. 600033 என்றால் மேற்கு மாம்பலம். 600035 என்றால் நந்தனம், சி.ஐ.டி. நகர் பக்கம், அதாவது கிழக்கில் தெற்கோரம். 600024 கோடம்பாக்கம், அதற்குக் கோடம்பாக்கம் ஸ்டேஷனிலேயே இறங்குவது நல்லது. தி.நகர்க் கடைகளும் அலுவலகங்களும் "மாம்பலம்" என்று மட்டும் எழுதிவிடுவது உண்டு. அப்போது கடைசி இரண்டு எண்ணை நம்புங்கள், பெயரை நம்பாதீர்கள்.

ரயிலிலிருந்து இறங்கும்போதே திசை தெரியவேண்டும். தாம்பரத்திலிருந்து கடற்கரை நோக்கி வருகிற வண்டி என்றால், வண்டி போகும் திசையைப் பார்த்து நின்றால் சோத்தாங்கை பக்கம் தி.நகர். எழும்பூர் பக்கமிருந்து வந்தால் பீச்சாங்கை பக்கம். நடைமேம்பாலம் ஏறியதும் பலர் கூட்டம் போகும் பக்கமே போய்விடுகிறார்கள். கூட்டம் பெரும்பாலும் ரங்கநாதன் தெருவுக்குத்தான் போகும். நீங்கள் மேற்கு மாம்பலத்து அயோத்தியா மண்டபம் போகவேண்டியவராக இருக்கலாம்.

தெற்கு மாவட்டங்களிலிருந்து எழும்பூர் வரும் எக்ஸ்பிரஸ் ரயில்களில் பல மாம்பலத்தில் நிற்கும். உங்கள் வண்டி நிற்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பூர் வரை போய்த் திரும்பி வருவது வீண். கிளாம்பாக்கத்தில் பஸ்ஸில் இறங்குபவர்கள் தாம்பரம் வந்து மின்சார ரயில் பிடிக்கலாம். சென்ட்ரலில் இறங்குபவர்கள் எதிரே உள்ள பார்க் ஸ்டேஷனுக்கு நடந்துபோய்த் தாம்பரம் வண்டி ஏறினால் போதும்: எழும்பூர், சேத்துப்பட்டு, நுங்கம்பாக்கம், கோடம்பாக்கம், அடுத்தது மாம்பலம்.

இனி தி.நகர் பக்கம். இங்கே மனதில் வைக்கவேண்டியது ஒரு கோடும் ஒரு புள்ளியும். கோடு உஸ்மான் ரோடு, அது தண்டவாளத்துக்கு ஏறக்குறைய இணையாக வடக்கு தெற்காக ஓடுகிறது. புள்ளி பனகல் பார்க். ஸ்டேஷன் கிழக்கு வாசலிலிருந்து ரங்கநாதன் தெரு வழியே நேராக நடந்தால் உஸ்மான் ரோட்டில் போய் முட்டும். அங்கே இடது கைப் பக்கம் திரும்பினால் பனகல் பார்க், வலது கைப் பக்கம் திரும்பினால் தி.நகர் பஸ் ஸ்டாண்ட். தலைக்கு மேல் மேம்பாலம், இரு பக்கமும் கடை வெளிச்சம் என்று திசை குழம்புகிற இடம் அது. குழம்பினால், ரங்கநாதன் தெரு வாய் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நின்றுகொள்ளுங்கள். அப்போது முகம் கிழக்கே இருக்கும், இடது வடக்கு.

பனகல் பார்க்கிலிருந்து மூன்று பெரிய சாலைகள் விசிறி போல விரிகின்றன. வடகிழக்கே ஜி.என். செட்டி ரோடு, வாணி மஹால் வழியாக ஜெமினி மேம்பாலம் பக்கம் போகும். நேர் கிழக்கே பாண்டி பஜார், அண்ணா சாலையில் தேனாம்பேட்டையில் சேரும். தென்கிழக்கே வெங்கட்நாராயணா ரோடு, திருப்பதி தேவஸ்தானக் கோயில் வழியாக நந்தனம் சிக்னலுக்குப் போகும். விசிறி என்பதால் பார்க் அருகே மூன்றும் ஒட்டியே இருக்கும், போகப் போக விலகும். தவறான சாலையில் ஏறிவிட்டீர்கள் என்று தெரிந்தால் உடனே பார்க்குக்குத் திரும்பி விடுங்கள். பாதி தூரம் போனபின் குறுக்கே வெட்டிப் போவது நீண்ட நடை. குறுக்கே போகத்தான் வேண்டுமென்றால் போக் ரோடு இருக்கிறது: வடக்கு போக் ரோடு ஜி.என். செட்டி ரோட்டையும் பாண்டி பஜாரையும் இணைக்கும். தெற்கு போக் ரோடு பாண்டி பஜாரிலிருந்து தெற்கே இறங்கும். தெற்கு போக் ரோட்டின் இன்றைய பெயர் செவாலியே சிவாஜி கணேசன் சாலை. கேட்டால் ஆட்டோக்காரர் போக் ரோடு என்றே சொல்வார்.

பெயர்கள்தான் இந்த வட்டாரத்தின் பெரிய பொறி. பாண்டி பஜார் என்று பெயர்ப்பலகையில் தேடினால் ஏமாறுவீர்கள். சாலையின் பெயர் சர் தியாகராயா சாலை, கடைவீதியின் பெயர் சௌந்தரபாண்டியனார் அங்காடி. காவல் நிலையப் பலகையிலும் சௌந்தரபாண்டியனார் அங்காடி என்றுதான் இருக்கும். ஜி.என். செட்டி ரோட்டைப் பல முகவரிகளில் ஜி.என். ரோடு என்று மட்டும் பார்ப்பீர்கள். தெருப்பெயர்களிலிருந்து சாதிப் பெயரை எடுத்ததன் விளைவு அது. இரண்டும் ஒரே சாலைதான். (தியாகராயர், பனகல் அரசர், உஸ்மான், நடேசனார், டி.எம். நாயர், சௌந்தரபாண்டியனார் எல்லாரும் நீதிக்கட்சித் தலைவர்கள். அந்தக் கட்சி ஆட்சியில் இருந்த 1920களில் உருவான நகர் இது. நகரின் பெயரிலேயே தியாகராயர் இருக்கிறார்.)

இதைவிட மோசமானவை ஒரே மாதிரி ஒலிக்கும் பெயர்கள். ரங்கநாதன் தெரு வேறு, அரங்கநாதன் சப்வே (தண்டவாளத்துக்கு அடியில் போகும் சாலை) வேறு. தெரு ஸ்டேஷனை ஒட்டி இருக்கிறது. சப்வே அங்கிருந்து தெற்கே, சைதாப்பேட்டைப் பக்கம். "அரங்கநாதன் சப்வே பக்கத்துல" என்று முகவரி சொன்னால் ரங்கநாதன் தெருவில் போய்த் தேடாதீர்கள். அதுபோல நடேசன் தெரு உஸ்மான் ரோட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில். நடேசன் பூங்கா வெங்கட்நாராயணா ரோட்டில், வெகு தள்ளி. சைதாப்பேட்டை மெட்ரோ நிலையம் அண்ணா சாலையில், சைதாப்பேட்டை ரயில் நிலையம் அதற்கு மேற்கே. ஒன்றில் இறங்கி மற்றொன்றுக்கு மாறலாம் என்று திட்டம் போடாதீர்கள். மின்சார ரயிலிலிருந்து மெட்ரோவுக்கு மாற வேண்டுமானால் கிண்டியில் மாறுங்கள். அங்கே இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

மெட்ரோவில் தி.நகர் வருபவர்கள் பாண்டி பஜாரின் கிழக்கு முனைக்குத் தேனாம்பேட்டையிலும், வெங்கட்நாராயணா ரோட்டுக்கு நந்தனத்திலும் இறங்கலாம். இரண்டிலிருந்தும் பனகல் பார்க் சுமார் ஒன்றரை கிலோமீட்டர், வெயிலில் நடக்க அது தூரம்தான். மேற்கு மாம்பலத்தின் மேற்கோரம் என்றால் பச்சைத் தடத்தில் அசோக் நகர் நிலையம் பக்கம். கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடத்தில் பனகல் பார்க்கிலேயே சுரங்க நிலையம் வருகிறது. அந்த வேலைக்காக வைத்த தடுப்புகளால் பார்க்கைச் சுற்றிப் பஸ் நிற்கும் இடமும் வண்டி திரும்பும் இடமும் மாறியிருக்கலாம்.

கடையை அடையாளமாகச் சொல்பவர்களிடம் ஒரு கேள்வி கூடுதலாகக் கேளுங்கள். "சரவணா ஸ்டோர்ஸ் எதிர்ல" என்றால் எந்த சரவணா ஸ்டோர்ஸ்? அந்தப் பெயரில் இந்த வட்டாரத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கடைகள் உண்டு. நகைக்கடை, ஓட்டல் எல்லாவற்றுக்கும் இதே கதை. கிளைகள் உள்ள கடை அடையாளம் ஆகாது. பூங்கா, கோயில், சப்வே, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்ட் போன்ற இடம் மாறாதவைதான் நம்பத் தகுந்தவை. பனகல் பார்க் எதிரே நல்லி என்பது இன்றும் வேலை செய்கிற அடையாளம், கூடவே பார்க்கின் பெயர் சேர்ந்திருப்பதால்.

தெருவைக் கண்டுபிடித்தபின் வீட்டைக் கண்டுபிடிப்பது தனி வேலை. சென்னை முகவரிகளில் புதிய எண், பழைய எண் என்று இரண்டு இருக்கும்: "புதிய எண் 24, பழைய எண் 11". வாசலில் ஒன்றுதான் எழுதியிருக்கும், எது என்று எழுதியிருக்காது. முதல் இரண்டு மூன்று வீடுகளைப் பாருங்கள். ஒரு பக்கம் ஒற்றைப்படையும் எதிர்ப் பக்கம் இரட்டைப்படையுமாக எண்கள் போனால் நீங்கள் பார்ப்பது பெரும்பாலும் புதிய எண். தொடர்ச்சி குலைந்தால் இரண்டும் கலந்திருக்கிறது. அப்போது எண்ணைத் தேடுவதை விட்டு, தெருவில் இஸ்திரி வண்டி வைத்திருப்பவரிடம் அடுக்ககத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள். எந்த வீட்டுத் துணி எங்கே போகும் என்று தெரிந்தவர் அவர். கேட்கும்போது "இன்ன தெரு எங்கே?" என்பதைவிட "இந்தத் தெரு எந்த ரோட்டுல போய் முட்டும்?" என்று கேட்டால் தெளிவான பதில் வரும். தெரியாது என்று சொல்லத் தயங்கி ஏதோ ஒரு பக்கம் கைகாட்டுபவர்களும் உண்டு. இன்னொருவரிடமும் கேட்டுச் சரிபாருங்கள்.

பஸ்ஸில் கவனிக்கவேண்டியது இரண்டு. பனகல் பார்க் என்ற ஒரே பெயரில் பார்க்கைச் சுற்றிப் பல இடங்களில் நிறுத்தம் உண்டு. இறங்கின இடத்திலேயே திரும்புகிற பஸ்ஸும் வரும் என்று நிற்காதீர்கள். அதே நம்பர் பஸ் எதிர்த் திசையில் எங்கே நிற்கும் என்று இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடுங்கள். இரண்டாவது, நம்பரோடு "கட்" என்று இருந்தால் அந்த வண்டி முழுத் தடமும் போகாது, வழியிலேயே முடிந்துவிடும். எதுவரை என்று ஏறும் முன் கேளுங்கள். முகப்பில் இளஞ்சிவப்பு அடித்த சாதாரணக் கட்டணப் பஸ்களில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை.

ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்ட் போக ரங்கநாதன் தெருவில் இறங்கவே வேண்டாம். 2023 மே மாதம் திறந்த ஆகாய நடைபாதை ஸ்டேஷன் நடைமேம்பாலத்தையும் பஸ் ஸ்டாண்டையும் நேராக இணைக்கிறது: 570 மீட்டர், பெட்டியோடு நடந்தாலும் பத்து நிமிடம். ஆடித் தள்ளுபடி, தீபாவளி நாட்களில் ரங்கநாதன் தெருவில் இதே தூரம் அரைமணி பிடிக்கும். ஆகாய நடைபாதையின் நடுவில் மேட்லி ரோட்டுப் பக்கமும் இறங்கலாம். கூட்டத்துக்குள் போய்விட்டீர்கள் என்றால் எதிர்த்து நடக்காதீர்கள். கூட்டத்தோடு உஸ்மான் ரோட்டுக்கு வந்து, நடேசன் தெரு வழியாகத் திரும்புங்கள்.

கைபேசி மேப்பை நடைக்கு மாற்றி வையுங்கள். கார் வழியில் வைத்திருந்தால் தி.நகரிலிருந்து அயோத்தியா மண்டபத்துக்குத் துரைசாமி சப்வே வழியாகச் சுற்ற வைக்கும். நடந்து போகிறவருக்கு ஸ்டேஷன் நடைமேம்பாலமே குறுக்குவழி. அதைக் கடந்து, ஆரிய கவுடா ரோட்டைக் கேட்டுப் போனால் மண்டபம் வந்துவிடும். உயரமான கடைகளுக்கு நடுவிலும் மேம்பாலத்துக்கு அடியிலும் நீலப்புள்ளி பக்கத்துத் தெருவுக்குத் தாவும், அம்பு தவறான திசையைக் காட்டும். புள்ளி தாவினால் முச்சந்திக்கு வந்து, கடைப்பலகைகளில் கீழே எழுதியிருக்கும் முகவரியைப் படியுங்கள். தெருப் பெயர்ப்பலகை போஸ்டரில் மறைந்திருந்தாலும் கடைப்பலகையில் தெருப்பெயர் இருக்கும்.

மழைக்காலத்தில் மேலே சொன்ன எல்லாவற்றையும் மாற்றிப் போட வேண்டியிருக்கும். தி.நகர் எழுந்தது ஏரி இருந்த நிலத்தில். மேற்கு மாம்பலத்தில் லேக் வியூ ரோடு என்ற பெயர் இன்னும் மிச்சமிருக்கிறது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெருமழை பெய்தால் துரைசாமி சப்வே, மேட்லி சப்வே, அரங்கநாதன் சப்வே மூன்றும் தண்ணீர் கட்டி மூடப்படுவது உண்டு. மேப்பில் அது உடனே தெரியாது, திறந்திருப்பதாகவே வழி காட்டும். சப்வே இறக்கத்தில் தண்ணீர் தேங்கியிருந்தால் ஆழம் கண்ணுக்குத் தெரியாது, பைக்கை உள்ளே விடாதீர்கள். நடந்து போகிறவர் ஸ்டேஷன் நடைமேம்பாலம் ஏறிக் கடக்கலாம். வண்டி வைத்திருப்பவர் வடக்கே கோடம்பாக்கம் மேம்பாலம் வரை போய்த் தண்டவாளத்தைத் தாண்டுவதே சரி. அது சுற்றுவழிதான், ஆனால் பாதை தண்டவாளத்துக்கு மேலே போகிறது.