அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றையும் ஒரே பட்டமாகப் படித்தால் ஆழம் இருக்குமா?

கேட்டவர் தன் தங்கைக்காகக் கேட்டிருக்கிறார். பிளஸ் டூ முடிக்கப்போகிறாள், இந்த மூன்றையும் சேர்த்துப் படிக்க ஆசைப்படுகிறாள், "மூணையும் தொட்டா எதுலயும் ஆழம் இருக்காது" என்று வீட்டில் பெரியவர்கள் தயங்குகிறார்கள். எங்கள் வீட்டிலும் இதே பேச்சு நடந்தது. நான் பதினான்கு வயதுவரை திண்டுக்கல்லில் வளர்ந்தவள். அப்பாவின் வேலைக்காக பர்மிங்காம் போய், அங்கிருந்து ஆக்ஸ்ஃபோர்டில் சேர்ந்து இந்தப் பட்டத்தைத்தான் படித்தேன். மூன்று பாடங்களின் ஆங்கிலப் பெயர்களின் முதலெழுத்துகளை வைத்து பி.பி.இ. என்பார்கள்.

ஆழம் உண்டு. ஒரு பாடம் இன்னொன்றோடு முட்டிக்கொள்கிற இடத்தில்தான் எனக்கு அது தென்பட்டது. ஒரு வாரம் நடந்ததைச் சொல்கிறேன்.

அங்கே பாடம் நடக்கும் விதம் தெரிந்தால்தான் இது புரியும். ஒரு பருவம் என்பது எட்டே வாரம். விரிவுரைகள் உண்டு, ஆனால் உயிர்நாடி டுட்டோரியல். வாரம் ஒன்று அல்லது இரண்டு கட்டுரை எழுதவேண்டும். ஆசிரியரின் அறையில் நீங்களும் இன்னும் ஓரிரு மாணவர்களும் மட்டும் உட்கார்ந்து, எழுதியதற்கு வரிக்கு வரி பதில் சொல்லவேண்டும். படிக்காமல் போனால் ஒளிய இடம் கிடையாது.

மூன்றாம் ஆண்டில், வளரும் நாடுகளின் பொருளாதாரம் என்ற தாளுக்கு ஒரு கட்டுரை கேட்டார்கள். உணவு மானியத்தை எல்லோருக்கும் கொடுப்பதா, ஏழைகளுக்கு மட்டுமா? எனக்குச் சுலபமாகப் பட்டது. இருக்கிற பணம் இவ்வளவுதான், தேவையில்லாதவரை விலக்கினால் தேவைப்பட்டவருக்குக் கூடுதலாகக் கிடைக்கும். வரைபடம் போட்டு, தமிழ்நாட்டையே உதாரணமாக எடுத்தேன். 1997இல் மத்திய அரசு வறுமைக்கோட்டுக்குக் கீழ், மேல் என்று ரேசனைப் பிரித்தபோதும் தமிழ்நாடு எல்லோருக்கும் என்றே வைத்துக்கொண்டது. 2011இலிருந்து அரிசிக்குக் காசும் வாங்குவதில்லை. இது வீண்செலவு என்று முடித்திருந்தேன்.

ஆசிரியர் இரண்டு கேள்விதான் கேட்டார். "தேவையில்லாதவருக்குப் போகும் அரிசியைக் கணக்குப் போட்டிருக்கிறாய். தேவைப்பட்டும் பட்டியலில் பெயர் வராமல் போகிறவரை எங்கே கணக்குப் போட்டாய்?" அடுத்தது: "இப்படி ஒரு கடையை நீ பார்த்திருக்கிறாயா?"

பார்த்திருக்கிறேன். லீவு நாளில் அப்பத்தாவோடு மஞ்சள் பையைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நின்றிருக்கிறேன். முன்னால் பூக்கட்டும் அக்கா, பின்னால் ஓய்வுபெற்ற தலைமையாசிரியரின் மனைவி, எங்களுக்கு டீச்சரம்மா. ஒருநாள் தராசுத் தட்டில் விழுந்த அரிசி பழுப்பாக, வண்டு ஓடிக்கொண்டிருந்தது. அப்பத்தா ஒன்றும் பேசாமல் பையை விரித்தாள். டீச்சரம்மாதான் முன்னால் வந்து, ஒரு பிடி அள்ளி பில் போடுகிறவரின் நோட்டு மேலேயே கொட்டினார். "இதை உங்க வீட்ல வடிப்பீங்களா?" உள்ளேயிருந்து வேறு மூட்டை வந்தது. அப்பத்தாவுக்கும் அதிலிருந்துதான் அளந்தார்கள்.

இதை அந்த அறையில் சொன்னபோது ஆசிரியர் எழுந்துபோய் பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென்னின் கட்டுரை ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஏழைகளுக்கு மட்டும் என்று ஒதுக்கப்படும் சேவை, குரல் எழுப்புகிறவர்கள் அதில் இல்லாததால், போகப்போகத் தரம் கெட்டுவிடும் என்று சென் அதில் வாதிடுகிறார். நான் வீண் என்று எழுதிய அந்த டீச்சரம்மாவின் அரிசி, அப்பத்தாவுக்கு நல்ல அரிசி கிடைக்கக் காரணமாக இருந்தது. இது அரசியல்.

அதே வாரம் அரசியல் கோட்பாட்டுத் தாளுக்கு அமெரிக்கத் தத்துவஞானி ஜான் ரால்ஸைப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு சமூகம் தன் மக்களுக்கு உறுதிசெய்ய வேண்டியவற்றில் சுயமரியாதைக்கான அடித்தளத்தை மிக முக்கியமானதாக வைக்கிறார் அவர். அதுவரை அது எனக்குப் பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணும் வரியாகத்தான் இருந்தது. அந்த வாரம் அப்பத்தா நினைவுக்கு வந்தாள். தாத்தா போனபிறகு கையில் காசில்லாத நாட்களிலும் யாரிடமும் கைமாற்றுக் கேட்காதவள். வரிசையில் மட்டும் தயங்காமல் நின்றாள், ஊரே அதில் நின்றதால். "நான் ஏழை" என்று ஓர் அதிகாரி முன்னால் சான்று காட்டித்தான் அரிசி வாங்கவேண்டும் என்றிருந்தால், அவள் போயிருக்கவே மாட்டாள்.

இதனால் பொருளாதாரம் தோற்றுவிட்டது என்று நினைக்கவேண்டாம். மானியச் செலவு மெய்யானது. அந்தப் பணம் வேறு எங்கே போயிருக்கலாம் என்ற கேள்வியும் அப்படியே நிற்கிறது. தமிழ்நாட்டில் அரிசி வேண்டாதவர்கள் சர்க்கரை கார்டு எடுத்துக்கொள்ளலாம், வசதியானவர்கள் பலர் வரிசைக்கே வருவதில்லை. யாரும் யாரையும் விலக்காமல் தாமாகவே விலகிக்கொள்ளும் இந்த ஏற்பாட்டை அளந்து சொல்லப் பொருளாதாரத்தின் கருவிகள்தான் வேண்டும். கட்டுரையைத் திரும்ப எழுத எனக்குப் பத்து நாள் ஆனது. இன்றுவரை நான் எழுதியதில் எனக்குப் பிடித்தது அதுதான்.

வீட்டுப் பெரியவர்களிடம் ஒன்று சொல்லுங்கள். இந்தப் பட்டம் 1920களில் ஆக்ஸ்ஃபோர்டில் தொடங்கியது, ஆனால் மூன்றையும் சேர்த்துப் பார்ப்பது அதற்கும் பழையது. பொருளாதாரத்தின் தந்தை என்று சொல்லப்படும் ஆடம் ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் நடத்தியது அறவியல் பாடம். ஆங்கிலேயத் தத்துவஞானி ஜான் ஸ்டூவர்ட் மில் மூன்றிலும் எழுதியவர். துறைகளாகப் பிரித்தது பிற்பாடுதான்.

அவர்கள் பயத்தில் நியாயம் இருக்கிற இடத்தையும் சொல்லவேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் முதல் வருடம் மூன்றும் கட்டாயம். அதன்பின் ஒன்றை விட்டுவிடலாம், பெரும்பாலோர் விடுகிறார்கள். நான் மூன்றையும் வைத்துக்கொண்டேன், அதற்கு ஒரு விலை இருந்தது. பொருளாதாரத்தை மட்டும் படித்தவர்கள் கணிதத்திலும் புள்ளியியலிலும் என்னைவிட வெகுதூரம் போயிருந்தார்கள். பிறகு பொருளாதாரத்தில் முதுகலை, ஆராய்ச்சி என்று போகிற எண்ணம் உங்கள் தங்கைக்கு இருந்தால், கணக்கு அதிகமுள்ள தாள்களைத் தேடி எடுக்கவேண்டும், அல்லது நேராகப் பொருளாதாரமே படிப்பது நல்லது. கணக்கைக் கண்டு ஒதுங்குகிற பிள்ளை என்றால் முதல் வருடமே திணறும். தத்துவத்தில்கூடத் தர்க்கவியல் உண்டு, அதுவும் குறியீடுகளால் ஆனது.

வேலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஹரால்ட் வில்சன், எட்வர்ட் ஹீத், டேவிட் கேமரன், லிஸ் டிரஸ், ரிஷி சுனக் என்று ஐந்து பிரிட்டிஷ் பிரதமர்கள் இதைப் படித்ததால் இது தலைவர்களை உருவாக்கும் படிப்பு என்று பேர் வாங்கிவிட்டது. பாகிஸ்தானின் பேனசிர் புட்டோவும் மியான்மரின் ஆங் சான் சூ கீயும்கூட இதே படிப்புதான். அந்தப் பட்டியலை நம்பிச் சேரவேண்டாம். என்னோடு படித்தவர்கள் வாத்தியாராக, கணக்காளராக, அரசு ஊழியராக இருக்கிறார்கள், நான் ஒரு நகராட்சியில் வீட்டுவசதிப் பிரிவில் இருக்கிறேன். உதவி கேட்டு வருகிறவரிடம் எத்தனை காகிதம் கேட்கலாம் என்று முடிவுசெய்கிற கூட்டங்களில் தினமும் உட்கார்கிறேன். அப்பத்தாவை நினைக்காமல் ஒரு கூட்டமும் முடிந்ததில்லை.

ஆக்ஸ்ஃபோர்டுதான் என்றில்லை. இங்கிலாந்தில் வாரிக், யார்க், எல்.எஸ்.இ. (லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ்) எல்லாவற்றிலும் உண்டு, எல்.எஸ்.இ.யில் மட்டும் நான்கு வருடம். வெளிநாட்டு மாணவர்களுக்கான கட்டணம் அந்நாட்டு மாணவர்கள் கட்டுவதைப்போலப் பல மடங்கு, ஆகவே உதவித்தொகை கிடைக்காமல் கடன் வாங்கிப் போகச்சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்தியாவிலேயே சோனிபட்டில் இருக்கும் அசோகா பல்கலைக்கழகத்தில் இந்தப் பட்டம் இருக்கிறது, அதையும் பாருங்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் தங்கையை ஒரு காரியம் செய்யச்சொல்லுங்கள். தினமும் கண்ணில் படுகிற ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்ளட்டும். மகளிருக்கான இலவச பஸ் பயணமாக இருக்கலாம், பள்ளிக்கூடக் காலை உணவாக இருக்கலாம். அதற்கு யார் பணம் கட்டுகிறார்கள், யார் தீர்மானித்தார்கள், அது நியாயமா என்று நான்கு பக்கம் எழுதட்டும். எழுதி முடிக்கும்போது அலுப்பு வந்ததா, இன்னும் தேடவேண்டும்போல இருந்ததா என்பது அவளுக்கே தெரியும். விருப்பமிருந்தால் அதை எனக்கு அனுப்பச்சொல்லுங்கள், படித்துவிட்டு எழுதுகிறேன்.